மாமனாரைக் கொன்றது யார்?

விழுப்புரத்தில் இன்ஜின் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ரயில்வே குடியிருப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, நான் பெண் பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தேன். யுத்த காலம். தட்டில் மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை, வைத்திருந்தார்கள். வெல்லப்பாகு வாசனை மூக்கைத் துளைத்தது. யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் கை வைத்தால் தின்னிப் பண்டாரங்கள் என்று நினைப்பார்கள் என்று என் அம்மா வண்டியிலேயே சொல்லிவிட்டாள். பெண் வீட்டாருக்கும் யாரோ அப்படியே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எச்சில் விழுங்கிக்கொண்டு கூரையைப் பார்த்தோம்.

என் அப்பா சூசை, திண்டிவனத்தில் ரயில்பாதை மேஸ்திரி. எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. யாராவது கேட்டால், "ஒலக்கூர் வரிக்கும் தண்டவாளம் நம்பள்துதான்" என்பார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் அப்பா சவரிமுத்து, ஷெட்டில் பிட்டர். இருவருக்கும் நடுவில் உபதேசியார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

பெண் ரோசம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பார்த்தது அவள் நடு வகிட்டையும் இரண்டு வளையலையும்தான்.

கூரையைப் பார்த்துச் சலித்துப்போய் என் அப்பா வாயைத் திறந்தார்.

"உங்க ஊருக்கும் அந்த இங்கிலீஷ் கொலப் படம் வந்திச்சாமே. எங்க ஊர்ல சக்கப்போடு போட்டுச்சி. அந்த டாக்டர் பாவி, சோறு போட்ட மனுசன இன்னாமா கொன்னுட்டான்!"

சவரிமுத்து நிமிர்ந்தார்.

"டாக்டரா? கொன்னது மருமவன்தானே மேஸ்திரி?"

"மருமவனா? இன்னா பிட்டரே, நீங்க படத்த பாத்தீங்களா, இல்ல பாத்தவன் சொன்னத கேட்டுக்கினு வந்தீங்களா?"

உள்ளேயிருந்து ரோசம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று அடக்கிக்கொண்ட சிரிப்பு. மறைப்பானேன், அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதே நிமிஷத்தில்தான் என் கல்யாணத்துக்கு ஆபத்தும் வந்தது.

குழாய்க்காரர்கள்

இன்றைக்குப் படம் பார்க்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிலீஷ் படம் வந்தால் எங்களுக்கு ஒரு அட்சரம் புரியாது. ஆகவே கொட்டகையில் கதை சொல்ல ஒருவர் இருப்பார். ஆண்கள் பக்கம், திரைக்கு ஓரமாக ஒரு முக்காலி போட்டு நின்றுகொண்டு, தகரக் குழாயை வாயில் வைத்து, திரையில் நடப்பதை உரக்கச் சொல்லுவார். திரையில் துரையும் துரைசாணியும் ஏதோ முணுமுணுப்பார்கள். இவர், "அடிப் பாதகி, என் மோதிரம் எங்கேடி?" என்பார். அவர்கள் மோதிரத்தைப் பற்றித்தான் பேசினார்களா என்று யாருக்குத் தெரியும்?

திண்டிவனத்துக் குழாய்க்காரர் பழைய நாடக ராஜபார்ட். ஏதோ ஒரு ஊரில் ஒரு டாக்டர் அவருக்கு வலிக்கிற பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் சொல்லும் படங்களில் எல்லாக் கொலையையும் டாக்டர்தான் செய்வார். டாக்டரே இல்லாத ஒரு படத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ரொட்டிக்காரனை டாக்டர் ஆக்கினார். நாங்களும் நம்பினோம்.

விழுப்புரத்துக் குழாய்க்காரருக்கு வேறு வியாதி. அவருடைய மருமகன் எட்டு வருஷமாக வேலைக்குப் போகாமல் அவர் வீட்டிலேயே தின்றுகொண்டிருந்தான். அங்கே எல்லாக் கொலையும் மருமகன் கணக்கு. ஒரு படத்தில் குதிரை உதைத்து ஒருவன் செத்தான். அந்தக் குதிரையை மருமகன்தான் பழக்கிவைத்திருந்தான் என்று சொல்லி முடித்தார்.

இந்தக் குறிப்பிட்ட படத்தில் ஒரு பங்களா. அதில் ஒரு கிழட்டு துரை. இரண்டாவது ரீலில் கம்பளத்தின்மேல் செத்துக் கிடப்பார். வீட்டில் ஒரு டாக்டர் உண்டு, வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றாத ஒரு மருமகன் உண்டு. கடைசியில் துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து, கையைத் தூக்கி விரலை நீட்டுவார். அந்த இடத்தில் திரை வெள்ளையாகிவிடும். திண்டிவனத்துக்குப் படச்சுருள் வைத்த கடைசி டின் வந்து சேரவில்லை.

எங்கள் குழாய்க்காரர் அசரவில்லை. "மிச்சத்த நான் வாயால சொல்றேன், குந்துங்க" என்று டாக்டரைத் தூக்கில் போட்டுவிட்டுத்தான் முக்காலியை விட்டு இறங்கினார். விழுப்புரத்திலும் கடைசி டின் வரவில்லை, அங்கே மருமகனைத் தூக்கில் போட்டார்கள் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைவரை எங்களுக்குத் தெரியாது.

தூக்குமேடையில் நாலு பாட்டு

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தச் சினிமாத் தொடரைப் படிக்கிற கடலூர் வாசகர் ஒருவர், "எந்தப் படத்தைப் பற்றியும் நீர் நல்லதாகச் சொல்வதில்லையே, வயிற்றெரிச்சலா?" என்று கார்டு போட்டிருக்கிறார். வயிற்றெரிச்சல் இல்லை ஐயா, அனுபவம்.

எங்கள் வாலிபத்தில் பார்த்த தமிழ்ப் படங்களில் ஆள் பேசுவதே அபூர்வம். பசித்தால் பாட்டு, கால் தடுக்கினால் பாட்டு. ஒரு படத்தில் நிரபராதியைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோவார்கள். கயிற்றைக் கழுத்தில் மாட்டிய பிறகு அவன் நாலு பாட்டுப் பாடுவான். தூக்குப் போடுகிறவன் பக்கத்தில் நின்று தொடையில் தாளம் போடுவான். மூன்றாவது பாட்டில் விடுதலை உத்தரவோடு ஒருவன் குதிரையில் வந்துவிடுவான். பாட்டு முடியட்டும் என்று அவனும் காத்திருப்பான். என் அம்மா அந்தப் படத்துக்கு ஐந்து தடவை போய் ஐந்து தடவையும் அழுதாள். நான் குதிரைக்காக வருத்தப்பட்டேன்.

குடும்பப் படங்கள் என்று ஒரு வகை பின்னால் வந்தது. மாமியார் படுத்துவாள், மருமகள் அழுவாள், ஆறு ரீல். ஏழாவது ரீலில் மாமியாருக்குக் கண் தெரியாமல் போய், மருமகள் அழுதுகொண்டே கஞ்சி ஊட்டுவாள். திண்டிவனத்தில் அந்தப் படம் ஓடிய வாரம் ஊரில் எல்லா மாமியாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு திரும்பினார்கள். மறுநாள் காலையில் குழாயடியில் வழக்கம்போல் சண்டை நடந்தது.

மர்மப் படம் என்றால் ரீல் மாறிப்போவது சகஜம். ஒரு தடவை, ஐந்தாவது ரீலில் தூக்கில் தொங்கியவன் ஏழாவது ரீலில் கைத்தடி சுழற்றிக்கொண்டு வந்தான். "இவன் அவனோட தம்பி" என்றார் எங்கள் குழாய்க்காரர். எட்டாவது ரீலில் தம்பியின் கல்யாணம் நடந்தது. எல்லோரும் திருப்தியாக எழுந்து போனோம். இப்போது வருகிற மர்மப் படங்களில் ரீலெல்லாம் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள். அதனால் முதல் காட்சியிலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துபோகிறது.

இருக்கட்டும். உருண்டைத் தட்டுக்கு வருகிறேன்.

மாப்பிள்ளையின் சாட்சி

சவரிமுத்து சும்மா ஒரு பேச்சுக்காக விவாதம் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவருக்கு உள்ளபடியே பயம் வந்துவிட்டது. ஒரே பெண். வரப்போகிறவன் எப்படிப்பட்டவனோ என்று ஏற்கெனவே கலங்கிப்போயிருந்த மனிதர். இந்த நேரம் பார்த்து, மாமனாரைக் கொன்ற மருமகனை ஒரு குடும்பமே காப்பாற்றிப் பேசினால் அவர் என்ன நினைப்பார்?

என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொல்லுப்பா. மருமவன் எப்படிப்பட்டவன்?"

அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவன் நான். ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தாலும், படங்களைப் பற்றி என் வார்த்தைக்குத் திண்டிவனத்தில் ஒரு மதிப்பு இருந்தது. அதை எப்படி விட்டுக்கொடுப்பது?

"மருமவன் தங்கமானவருங்க" என்றேன். "தொப்பியப் பாத்து மட்டும் தப்பா நெனைச்சிடக்கூடாதுங்க."

சவரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "உபதேசியாரே, கொலகாரனுக்கு நல்ல பேரு குடுக்குற வூட்ல பொண்ணு குடுக்க நான் இன்னா பைத்தியமா?"

இருவரும் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்களே சொல்லுங்கள், யார் கொன்றது? பாவம் அந்த மனிதர். கொட்டகைப் பக்கம் போகிறவனுக்கு நரகம் நிச்சயம் என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவரோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திண்டிவனத்திலும் பார்த்திருந்தார், விழுப்புரத்திலும் பார்த்திருந்தார். இரண்டு கதையும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். உண்மையைச் சொன்னால் கொட்டகைக்குப் போனது வெளியே தெரிந்துவிடும்.

"நான் சினிமாவே பாக்குறதில்லீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தக் கம்பளம் நல்ல கம்பளம்" என்றார்.

நல்லவேளை, யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. அதற்குள் இந்தச் சம்பந்தம் முடியாவிட்டால் ஒலக்கூரில் வேறொரு பெண் இருக்கிறாள் என்று என் அப்பா வீட்டில் சொல்லியிருந்தார். நான் அந்த உருண்டையைத் தின்னாமலே திண்டிவனம் திரும்பினேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் மருமகன் நல்லவன்தான் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் உபதேசியார் வந்தார். அந்தப் படம் இப்போது செஞ்சி பக்கத்து அனந்தபுரத்தில் கூடாரக் கொட்டகையில் ஓடுகிறதாம். "அங்க கடைசி டின் இருக்கும். ரெண்டு குடும்பமும் ஒண்ணா பாத்துட்டு வந்துருங்க. யாரும் பாவத்துல வுழாம பாத்துக்க நானும் வரேன்" என்றார்.

ஒரு குழாய், இரண்டு வாய்

அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஒரு கொப்பரையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு ஊதி ஊதிக் கிளப்புவார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். செஞ்சி பக்கம் மேட்டுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் முக்கால்வாசி தூரம் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு, முகமெல்லாம் கரியாக அனந்தபுரம் போய்ச் சேர்ந்தோம். சவரிமுத்து குடும்பம் வேறொரு பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. மாட்டு வண்டியில் போயிருந்தால் இத்தனை களைப்பு இருந்திருக்காது.

அன்று சந்தை நாள். பொழுது சாய்ந்ததும் முதல் ஆட்டத்துக்குக் கூடாரம் நிரம்பிவிட்டது. நடுவில் தட்டி வைத்து, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். மணலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது கொட்டகை முதலாளி திரைக்கு முன்னால் வந்து கைகூப்பினார். கதை சொல்கிறவருக்குக் குளிர்காய்ச்சலாம்.

"இந்தக் கத தெரிஞ்சவங்க யாரானா இருக்கீங்களா?"

என் அப்பா எழுந்தார். அதே நேரத்தில் சவரிமுத்துவும் எழுந்தார்.

குழாய் ஒன்றுதான் இருந்தது. ஆளுக்கொரு ரீல் என்று முதலாளி பஞ்சாயத்து செய்தார். ஒற்றைப்படை ரீலெல்லாம் அப்பாவுக்கு, இரட்டைப்படை ரீலெல்லாம் சவரிமுத்துவுக்கு.

முதல் ரீலில் அப்பா, டாக்டர் வாசலில் நுழையும்போதே, "பாருங்க மக்களே, மூஞ்சியப் பாருங்க, மருந்து பெட்டியில இன்னா வச்சிக்கினு இருக்கான் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். இரண்டாவது ரீலில் சவரிமுத்து குழாயைப் பிடுங்கிக்கொண்டு, "டாக்டரு தெய்வம் மாரி மனுசன். தொப்பிக்காரன மட்டும் கவனிச்சிக்கினே இருங்க" என்றார். மூன்றாவதில் தொப்பிக்காரன் அநாதைகளுக்குச் சோறு போடுகிற புண்ணியவான். நான்காவதில் அந்தச் சோற்றிலேயே விஷம்.

மல்லாட்டை வியாபாரி ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "யோவ், போன ரீல்ல டாக்டரு கெட்டவன்னு சொன்னீங்களேய்யா! நாங்க யாரத்தான் திட்டுறது? இன்னா பேஜாரா கீது!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இத்தனை சந்தோஷமாக ஒரு ஜனக்கூட்டம் படம் பார்த்து நான் பார்த்ததில்லை. நான் மட்டும் மல்லாட்டை உரிப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். கடைசி டின்னில் டாக்டர் மாட்டினால் சவரிமுத்துவின் மானம் போகும். மருமகன் மாட்டினால் அப்பாவின் மானம் போகும். எப்படிப் போனாலும் ரோசம்மா எனக்கில்லை. இது அங்கே உட்கார்ந்த பிறகுதான் என் மரமண்டைக்கு எட்டியது.

துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் நிறுத்தினார். கையைத் தூக்கினார். விரலை நீட்டினார்.

திரை வெள்ளையாகிவிட்டது.

"இவ்ளோதாங்க குடுத்தனுப்புனாங்க" என்றார் முதலாளி.

கூடாரம் முழுக்க எழுந்து நின்றது. "யாருய்யா கொன்னது?" என்று நூறு குரல் கேட்டது. "டாக்டரு!" "மருமவன்!" அப்பா குழாயின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார், சவரிமுத்து மறுபக்கத்தை இழுத்தார். "உங்க சங்காத்தமே வேணாம்" என்று அப்பா கத்தினார். "நாளைக்கே ஒலக்கூரு பொண்ணப் பேசி முடிக்கிறேன்!"

சத்தியம் கிடக்கட்டும், மருமகன்தான் கொன்றான் என்று உரக்கச் சொல்லிவிடுவோம் என்று துணிந்தேன். வாயைத் திறந்தேன். நான் சொல்வதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"செத்தாத்தானேப்பா கொல? அந்த ஆளுதான் சாவவே இல்லியே!"

ரோசம்மா மணலைக் குவித்து அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். தட்டிக்குமேல் அவள் தலை தெரிந்தது.

"கம்பளத்துமேல படுத்துக்கினு நல்லா மூச்சு வுட்டுக்கினு இருந்தாரு. வயிறு ஏறி ஏறி எறங்குச்சி. ஊர்லயும் பாத்தேன், இங்கயும் பாத்தேன்."

"ஆமாங்க!" என்றாள் இன்னொரு பெண். "இருமல் வந்து அடக்கிக்கினாரு, நாங்களும் பாத்தோம்." பெண்கள் பக்கம் முழுக்க ஆமாம் போட்டது.

குழாயின் வாய் எப்போதும் ஆண்கள் பக்கம்தான் திரும்பியிருக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்காது. பெண்கள் வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களோ குழாய்க்காரர் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று தடவை பார்த்த நான் அந்த வயிற்றை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"ரெண்டாவது ரீல மறுபடி வுடு!" என்றது கூட்டம். விட்டார்கள். யாரும் குழாயைத் தொடவில்லை. கிழட்டு துரை கம்பளத்தில் விழுந்தார். வயிறு ஏறியது, இறங்கியது. "ஒண்ணு" என்று யாரோ எண்ண ஆரம்பிக்க, கூடாரமே சேர்ந்துகொண்டது. பதினொரு மூச்சு எண்ணினோம்.

"சாவு இல்லேன்னா கொலப்பாவம் இல்ல" என்று உபதேசியார் தீர்ப்புச் சொன்னார். "டாக்டரும் நல்லவரு. மருமவனும் நல்லவரு." சொல்லிவிட்டு யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சவரிமுத்து கையிலிருந்த குழாயை என் அப்பாவிடமே கொடுத்துவிட்டார். பிறகு மகளைப் பார்த்து, "இத அப்பவே சொல்றதுக்கின்னாம்மா?" என்றார்.

"எங்க சொல்ல வுட்டீங்க? வூட்ல குழாய் இல்லாமயே நாள் பூரா நீங்கதான் பேசிக்கினு இருந்தீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, இப்ப கேக்குறேன். திண்டிவனத்துப் புள்ளய கட்டிக்கிறியா?"

அனந்தபுரத்து ஜனங்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "யாருய்யா மாப்ள? எந்திரிச்சி நில்லு!" என்றார்கள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். முதலாளி பெட்ரோமாக்ஸ் விளக்கை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பஸ் தள்ளிய கரியைத் துடைக்கக்கூட இல்லை. தட்டிக்கு மேலிருந்து ரோசம்மா முதல்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தாள். உச்சியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஜல்தி சொல்லு தாயீ, அடுத்த ஆட்டம் வுடணும்" என்றார் முதலாளி.

"பரவால்ல" என்றாள் ரோசம்மா. "பாக்கலாம்."

கூடாரத்தில் விசில் பறந்தது. தவக்காலத்துக்கு மூன்று நாள் முன்பு எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

எத்தனையோ படங்களை இந்தப் பக்கங்களில் நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். என்னைப் பற்றி அவள் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான். நேற்று இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் ஆச்சே, இப்ப இன்னா சொல்ற?" என்று கேட்டேன்.

கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தவள் சல்லடையை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"நடுவுல கொஞ்சம் இழுவ" என்றாள். "ஆனா எழுந்து போவணும்னு தோணல."